நாங்களே பெய்த மழை

போன மாதம் சீனி வருத்தத்துக்கு, சர்க்கரை எவ்வளவு என்று ரத்தம் சோதிக்கக் கண்டிக்குப் போயிருந்தேன். ரத்தம் எடுத்த பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கையை நீட்டச் சொல்லி, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து முழங்கை மடிப்பில் தேய்த்தது. "வலிக்குதா அம்மா?" என்று அது கேட்டபோதுதான் ஊசி உள்ளே போய் வெளியேயும் வந்துவிட்டது என்று தெரிந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் நான் அங்கே இல்லை. ஸ்பிரிட் வாசம் மூக்கில் ஏறியதும் நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தில், ஒரு மேல்மாடிக் கந்தோரில், டைப் அடிக்கும் மேசைக்கு முன்னால், கையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்றரை மணிக்கு நாங்கள் டைப்ரைட்டர்களைக் கழுவுவோம். கழுவுவது என்றால் தண்ணீரில் அல்ல. ஒரு மூடி ஸ்பிரிட், ஒரு பிரஷ், கிழிந்த பனியன் துணி ஒன்று. 'e' எழுத்தின் வயிற்றிலும் 'o' எழுத்தின் வயிற்றிலும் மை அடைத்துக்கொண்டு, அடித்தால் கறுப்புப் பொட்டுத்தான் விழும். அதைக் குண்டூசியால் நோண்டி எடுப்பதில் ரஸீன் நானாவை மிஞ்ச ஆளில்லை. மடவளை ஊரிலிருந்து வரும் மனிதர், வயதில் மூத்த முஸ்லிம் ஆண்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். தன்னுடைய மெஷினை முடித்துவிட்டு என்னுடையதையும் இழுத்து வைத்துக்கொள்வார். நான் நோண்டினால் எழுத்தே பெயர்ந்து வந்துவிடும் என்று அவருக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஏற்கெனவே ஒரு காற்புள்ளியைப் பெயர்த்திருந்தேன்.

கந்தோரின் பெயர் வேண்டாம். இப்போது அது இல்லை, இருந்தவர்களுக்குப் பிள்ளைகுட்டிகள் இருக்கலாம். சந்தைக்குப் பின்னால் மேடேறும் தெருவில், ஒரு புடவைக் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட நீளமான ஓர் அறை. மலைத் தோட்டங்களின் தேயிலை ஸ்டோர்களுக்கு, அதாவது கொழுந்தைத் தூளாக்கும் ஆலைகளுக்கு, வேண்டிய இயந்திரச் சாமான்களைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொடுப்பது எங்கள் வேலை. சாமானைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை, கடிதம்தான். அறையில் நான்கு டைப்ரைட்டர்கள். எனக்குக் கிடைத்தது ஜன்னலோர மெஷின். ஹுன்னஸ்கிரியப் பக்கத் தோட்டமொன்றில் என் அம்மா கொழுந்து எடுத்தார். மகள் கண்டிக் கந்தோரில் கதிரையில் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்று அவர் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகச் சொல்லித் தீர்த்திருந்தார். நான் அம்பிட்டியவில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கி, தினமும் அந்த இறக்கத்தில் குடை பிடித்து நடந்து வருவேன். வெயிலோ மழையோ குடை பிடிப்பேன், கந்தோர்ப் பெண் என்று தெரிய வேண்டும் அல்லவா?

கதிரை என்றேன். ஆனால் அந்தக் கந்தோரில் நினைவில் நிற்பது கதிரை அல்ல, ஒரு பலகை. பெரிய கிளாக்கர் மாசிலாமணி சேரின் மேசைக்கு முன்னால், தரையில், மிதித்தால் கிறீச் என்று கத்தும் ஒரு பலகை இருந்தது. பேச்சு வாங்குகிறவர் அதன் மேல்தான் நிற்க வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்றால், "பலகையில நில்லு" என்பார். ஆணி அடித்துச் சரிசெய்ய ஒருமுறை தச்சன் வந்தபோது அந்த ஒரு பலகையை மட்டும் விட்டுவிடச் சொன்னவர் அவர்.

மாசிலாமணி சேர் எப்போதும் வெள்ளை லோங்ஸ், வெள்ளைச் சேர்ட், சட்டைப் பையில் சிவப்புப் பென்சில். பிழையான கடிதத்தை இரண்டு விரலால் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குவார், செத்த எலியைத் தூக்குவது போல. முதலில் இங்கிலீஷில் தொடங்குவார். பிறகு தமிழ். கடைசியில் நம்முடைய அப்பா, தாத்தா, பிறந்த இடம். "லயத்துல கொழுந்து கிள்ளுற கைதானே, டைப் அடிச்சா இப்படித்தான் இருக்கும்." அவருடைய அப்பாவும் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர்தான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அடிப்பதெல்லாம் கிடையாது. "எல்லாரும் இங்க பாருங்க" என்பார், அதுதான் அவருடைய அடி. வேலையை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு எங்கே கண்ணை வைப்பதென்று தெரியாது.

நான் முதன்முதலாகப் பலகையில் நின்றது வேலைக்குப் போன ஒன்பதாவது நாள். ஒரு தோட்டத்துத் துரையின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப் போயிருந்தது. காது மடல் சுட்டது. "எல்லாரும் இங்க பாருங்க" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பின்னால் டக டக டக என்று ஒரு மெஷின் தொடங்கியது. அடுத்து இன்னொன்று. பிறகு மூன்றும். அப்படி ஒரு இரைச்சலை நான் கேட்டதில்லை. மாசிலாமணி சேரின் வாய் அசைகிறது, சிவப்புப் பென்சில் ஆடுகிறது, சொல் ஒன்றும் என் காதில் விழவில்லை. அழ ஆயத்தமாகியிருந்த நான் அழ மறந்து நின்றேன்.

பத்து மணி பிளேன்டீக்கு வந்து உட்கார்ந்தால் என் மேசையில் ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டி. சரோஜா அக்காதான் விஷயத்தைச் சொன்னார். எங்களில் மூத்தவர், பன்னிரண்டு வருஷ சர்வீஸ். முன்பு ஒருநாள் மாசிலாமணி சேர் யாரையோ ஏசிக்கொண்டிருந்தபோது உண்மையான மழை பிடித்துக்கொண்டதாம். கண்டி மழை உங்களுக்குத் தெரியும், தகரக் கூரையில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சேர் தொண்டை நோகக் கத்திப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாராம். "நாமளே மழை பேஞ்சா என்னன்னு தோணுச்சி" என்றார் சரோஜா அக்கா. வேலை செய்வதை நிறுத்து என்று எந்தப் பெரிய கிளாக்கரும் சொல்ல முடியாது அல்லவா? அன்றிலிருந்து யாராவது பலகையில் ஏறினால் மற்றவர்கள் மழை பெய்வார்கள். ஏச்சு வாங்குகிறவரைப் பார்க்கக் கூடாது, அரை மணிநேரம் பேசக் கூடாது, பிறகு கருப்பட்டி. இவ்வளவுதான் சட்டம். இதைவிடப் பெரிய அன்பை அந்த வயதில் நான் எந்த ஆட்களிடமும் கண்டதில்லை.

மழையில் என்ன அடிப்பது என்பது அவரவர் விருப்பம். சரோஜா அக்கா தன் தங்கைமார் ஐந்து பேரின் பெயரையும் திரும்பத் திரும்ப அடிப்பார். யாழ்ப்பாணத்துப் பொன்னுத்துரை அண்ணை கண்டியிலிருந்து தன் ஊர் வரைக்குமான ரயில் ஸ்டேஷன்களை வரிசையாக அடித்துக்கொண்டு போவார். ஏச்சு நீளமாக இருந்தால் வவுனியாவைத் தாண்டிவிடுவார். "இண்டைக்குக் கிளிநொச்சி வரைக்கும் போட்டன் பிள்ளை" என்று தேநீர் நேரத்தில் சொல்வார். நான் அதைப் பார்த்துக் கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரியவுக்குப் போகும் பஸ் நிற்கும் இடங்களை அடித்தேன். குண்டசாலை, திகன, தெல்தெனிய. நான் அடித்த அந்தப் பழைய தெல்தெனியக் கடைவீதி பிற்பாடு நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. ரஸீன் நானா மட்டும் தாளே போடாமல் வெறும் மெஷினை அடிப்பார். கடதாசி வீண் என்பார்.

வேடிக்கை என்னவென்றால் மாசிலாமணி சேருக்கு இது பிடித்துப் போனது. தான் பேசும்போது கந்தோர் சுறுசுறுப்பாகிறது என்று நினைத்தார் போலிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தரம் இருந்த ஏச்சு தினமும் ஆனது. பிறகு காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று.

இப்படி இரண்டு வருஷம் போனது. கருப்பட்டி எப்போது நின்றது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரும் நிறுத்தவில்லை, ஒருநாள் பார்த்தால் இல்லை. பொன்னுத்துரை அண்ணை கிளிநொச்சிக் கதை சொல்வதை விட்டுவிட்டார். திங்கட்கிழமைகளில் யாருக்காவது வயிற்று வலி வந்தது. எனக்கு வயிறு வலிக்கவில்லை, ஆனால் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் பதில் தெரியாது. பெரஹரா ஊர்வலம் வந்து போகும், ஜன்னலுக்குக் கீழே ஊரே நகரும், நான் ரிப்பன் மாற்றிக்கொண்டிருப்பேன். மழை மட்டும் நிற்கவில்லை. கை தானாக அடித்தது. பலகையில் நிற்பது நானாக இருந்தாலும் அப்படித்தான், அவர் என் அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது நான் சுவரில் இருந்த கலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். வலிக்காமல் போனதை நான் அப்போது கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

கந்தோர் கூட்ட வரும் ஒரு சிங்களப் பெண் இருந்தார், என் அம்மா வயது. ஒருநாள் என் மேசைக்கடியில் குப்பையை விட்டுவிட்டார். நான் அந்தக் கடதாசியை இரண்டு விரலால் மூலையைப் பிடித்துத் தூக்கி, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அவருடைய ஊரைச் சொல்லி ஏசினேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குனிந்து மறுபடி கூட்டினார். எனக்கு அன்றைக்கு ஒரு வெட்கமும் வரவில்லை. வந்தது இருபது வருஷம் கழித்து, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. காலம் தாழ்த்தி வருகிற கடிதம் போல.

ரஸீன் நானாவைப் பற்றிச் சொல்ல வந்தேன், எங்கெங்கோ போகிறேன். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மாசிலாமணி சேர் கையால் எழுதித் தரும் வரைவில் பிழை இருந்தால், சத்தமில்லாமல் திருத்தி அடித்துக் கொடுத்துவிடுவார். அவருக்குச் சாமான்களின் பெயர், நம்பர் எல்லாம் மனப்பாடம். எந்த ஸ்டோரில் எந்த மெஷின் ஓடுகிறது என்று கேட்டால் கோப்பைத் திறக்காமல் சொல்வார். ஒருநாள் சேர் அதைக் கண்டுபிடித்தார். "நீ எனக்கு இங்கிலீஷ் படிச்சுக் குடுக்கப் போறியா?" என்று கேட்டு, அலுமாரியிலிருந்து அகராதியை எடுத்து அவர் கையில் கொடுத்து, பலகையில் நின்று உரக்க வாசிக்கச் சொன்னார். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், கையில் தடித்த புத்தகம். முதல் இரண்டு சொற்கள்தான் எங்கள் காதில் விழுந்தன. பிறகு நாங்கள் மழை பெய்தோம். ஒரு பக்கம் முழுவதும் வாசித்தாராம்.

அதற்குப் பிறகு கந்தோரில் ஒரு புதுச் சட்டம் வந்தது. யாரும் அதைப் பேசி முடிவெடுக்கவில்லை. என்ன எழுதியிருக்கிறதோ அதையே அடிப்பது. செவ்வாய்க்கிழமை இருபதாம் தேதி என்று எழுதியிருந்தால், இருபதாம் தேதி வியாழன் என்று கலண்டர் கண் முன்னால் தொங்கினாலும், செவ்வாய்க்கிழமைதான். ஒரு துரைக்கு 'அன்புள்ள மேடம்' என்று கடிதம் போனது. அடித்தவள் நான்தான். உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை. கடிதம் தயாரானதும் வரைவைச் சேரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் அதை நான்காகக் கிழித்துக் கூடையில் போடுவார். தன் கையெழுத்து வெளியே போகக் கூடாது என்பார். அடித்த தாளின் அடியில் அடித்தவரின் பெயரெழுத்து மட்டும் நிற்கும்.

அந்த நாள் ஒரு புதன்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். ரஸீன் நானா ஒரு வரைவை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் அடிக்காமல் இருந்தார். பிறகு எழுந்து அலுமாரியைத் திறந்து ஒரு நீலக் கோப்பை எடுத்தார். ஒரு கையில் வரைவு, ஒரு கையில் கோப்பு. நேரே போய்ப் பலகையில் ஏறினார். கூப்பிடாமல் ஒருவர் அந்தப் பலகையில் ஏறி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். இரண்டையும் சேரின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒரு வரியைக் காட்டினார். மாசிலாமணி சேரின் கழுத்து சிவந்தது. அப்போது ரஸீன் நானா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சரோஜா அக்காவை அல்ல, பொன்னுத்துரை அண்ணையை அல்ல, என்னை.

மழையைத் தொடங்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? குண்டசாலை, திகன, தெல்தெனிய. நான்தான் முதலில் அடித்தேன். மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ரஸீன் நானாவின் வாய் எதையோ சொன்னது, நிறுத்தியது, மறுபடி சொன்னது. சேர் எழுந்து நின்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் ரஸீன் நானா கோப்பைத் திருப்பி அலுமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, வரைவில் இருந்ததை அப்படியே அடித்தார்.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்துக்குப் போனேன். கொழுந்து கூடிய அந்த மாதத்தில் ஞாயிற்றுக்கிழமையும் மலையில் வேலை இருக்கும், ஆனால் வெயில் நேரத்தில் அம்மா வீட்டில் இருந்தார், லயத்தில் எல்லோரும் வீட்டில்தான். ஸ்டோரில் கொழுந்து காய வைக்கிற மெஷினின் சங்கிலி அறுந்து போனதாம். மாற்றிப் போடவென்று கண்டியிலிருந்து முன்பே வந்திருந்த புதுச் சங்கிலி போன வருஷம் கழற்றி எறிந்த பழைய மெஷினுக்கு உரியதாம். "பத்து நாளா ஸ்டோரு ஓடல. எடுத்த கொழுந்த ஓடையில கொட்டுறாங்க. இப்ப யாருக்கும் பேர் இல்ல" என்றார் அம்மா. பேர் என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்து குவிந்து அழுகினால் எப்படி நாறும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சங்கிலிக்குக் கடிதம் எந்தக் கந்தோரிலிருந்து போயிருக்கும் என்று எனக்கு உடனே புரிந்தது. "ஓ" என்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

கொழும்பிலிருந்து ஒரு டிரெக்டர் விசாரிக்க வந்தார். மாசிலாமணி சேர் சொன்னது இது: வரைவில் சங்கிலியின் சரியான நம்பர்தான் இருந்தது, ரஸீன் பழைய கடிதத்தைப் பார்த்து அடித்துவிட்டான், அன்றைக்கு அவனை ஏசியது உண்மைதான், ஆனால் அது வேலைக்குப் பிந்தி வந்ததற்கு. ரஸீன் நானா சொன்னது: நம்பர் பிழை என்று கோப்போடு போய்க் காட்டினேன், எழுதியதை அடி என்று ஏசி அனுப்பினார், அறையில் மூன்று பேர் இருந்தார்கள், கேட்டுப் பாருங்கள். வரைவு நான்காகக் கிழிந்து எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. அடித்த தாளில் ரஸீன் நானாவின் பெயரெழுத்து இருந்தது. ஆகவே அவருடைய வேலை எங்கள் மூன்று பேரின் வாயில் இருந்தது.

ஒவ்வொருவராகக் கோப்பு அறைக்குள் கூப்பிட்டார்கள். கொடூரமான மனிதர் என்றால் எனக்கு இன்றைக்குச் சொல்ல ஒரு சாக்கு இருந்திருக்கும். டிரெக்டர் மெதுவாகப் பேசினார். எழுந்து கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். மாசிலாமணி சேர் அந்த அறையிலேயே இல்லை. நம்பரைப் பற்றி ரஸீன் பேசியது உங்கள் காதில் விழுந்ததா என்று டிரெக்டர் இங்கிலீஷில் கேட்டார்.

"இல்லை சேர்" என்றேன்.

உண்மைதான், ஒரு சொல்லும் விழவில்லை. சரோஜா அக்காவும் பொன்னுத்துரை அண்ணையும் தலையைக் குனிந்து அடித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களும் அதையேதான் சொன்னார்கள், அவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு இருந்தது. நீலக் கோப்பை நான் பார்த்தேன். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்ததைப் பார்த்தேன். விரலைப் பார்த்தேன். பிந்தி வந்த மனிதருக்குக் கோப்பு எதற்கு? பார்த்தீர்களா என்று டிரெக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பயம் என்று சொன்னால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். ஆனால் எனக்கு அப்போது பயமே இல்லை, ஒன்றுமே இல்லை. எழுதியதை மட்டும் அடித்துப் பழகியவள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அவர் நன்றி சொன்னார். கதிரையைச் சத்தமில்லாமல் தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

ரஸீன் நானாவை வெள்ளிக்கிழமையோடு நிறுத்தினார்கள். அன்றைக்கும் மூன்றரை மணிக்குத் தன் மெஷினைக் கழுவினார். பிறகு வழக்கம்போல என்னுடையதையும் இழுத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசை லாச்சியிலிருந்து தொப்பியையும் சோற்றுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, "அப்ப நான் வாரன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பொன்னுத்துரை அண்ணை பலகையில் ஏறினார். நானும் சரோஜா அக்காவும் மழை பெய்தோம். இரண்டு மெஷினில் அது சரியாகப் பெய்யவில்லை. சேர் சொன்னதெல்லாம் தெளிவாகக் கேட்டது. பொன்னுத்துரை அண்ணையின் வழுக்கை விழுந்த பின்தலை வியர்ப்பதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் சரோஜா அக்கா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நானும் நிறுத்தினேன். அதற்குப் பிறகு அந்தக் கந்தோரில் யாரும் யாருக்காகவும் அடிக்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் ரஸீன் நானாவைக் கண்டேன். மடவளை பஸ்ஸின் படியில் நின்றார். நான் குடையைச் சாய்த்து முகத்தை மறைக்கப் பார்த்தேன், அவர் அதற்குள் இறங்கி வந்துவிட்டார். மச்சானுடைய கடையில் வேலைக்கு நிற்பதாகச் சொன்னார். என் அம்மாவைச் சுகம் விசாரித்தார். பிறகு, நான் கேட்காமலே, "அது ஒங்கட தோட்டத்து ஸ்டோருக்குப் போற காயிதம் தங்கச்சி. அதாலதான் சும்மா அடிக்க மனசு வரல்ல. ஒங்களுக்குக் கேக்கட்டும்னுதான் ஒங்களப் பாத்தன்" என்றார்.

நான் குடையை மடக்கினேன்.

"நீங்க கேட்டிருக்க ஏலாது. அன்னைக்கி எனக்கே என்ட சத்தம் கேக்கல்ல" என்று சொல்லிச் சிரித்தார். பழைய சிரிப்புத்தான். நடத்துநர் மணியடித்தார், அவர் ஓடிப் போய் ஏறினார். எனக்குக் காதுதான் கேட்கவில்லை நானா, கண் தெரிந்தது என்று நான் அந்தப் படி வரைக்கும் ஓடிச் சொல்லியிருக்கலாம். பத்து அடி தூரம்தான்.

பிறகு தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, எங்கள் கந்தோருக்கு வேலையில்லாமல் போனது. சரோஜா அக்காவின் குடும்பம் இந்தியாவுக்குப் போனது. திருச்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது, கையால் எழுதியது, அங்கே டைப் வேலை கிடைக்கவில்லை என்று. பொன்னுத்துரை அண்ணை எல்லா ஸ்டேஷனையும் தாண்டி ஊருக்கே போய்ச் சேர்ந்தார், பிற்பாடு ஒரு செய்தியும் இல்லை. மாசிலாமணி சேரை மட்டும் ஒருமுறை சந்தையில் கண்டேன். மெலிந்து, சட்டைப் பையில் பென்சில் இல்லாமல், ஒரு கட்டுக் கங்குன் கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, "நல்லா இருக்கியாம்மா?" என்று அன்பாகத்தான் கேட்டார். எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, கையில் பை நிறைய மரவள்ளிக்கிழங்கு. அட்டென்ஷனில் நின்று, "ஆமா சேர்" என்றேன். இப்போது கேட்டால், நாற்பது வயதில் நான் செய்த மிகப் பெரிய முட்டாள்தனம் அதுதான்.

கந்தோர் இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட போன் கடை வந்துவிட்டது. தகரக் கூரை போய் கொங்கிரீட் வந்தது, எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே கேட்பதில்லையாம். ஏறிப் பார்க்க ஒரு சாக்காகப் போன் உறை ஒன்று வாங்கினேன். அது என் போனுக்குச் சேரவில்லை.

போன வருஷம் மடவளைக்குப் போனேன். ரஸீன் நானாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஏன் அப்போது தோன்றியது என்று கேட்காதீர்கள். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் கடை என்று விசாரித்துப் போனால், மேசையில் அவரைப் போலவே நெற்றி உயர்ந்த ஒருவர் இருந்தார், மகன். வாப்பா மவுத்தாகி மூன்று வருஷம் என்றார். கதிரையைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கண்டிக் கந்தோரில் ஒன்றாக வேலை செய்தவள் என்று சொன்னதும் அவருடைய முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பி, வாப்பாவோட கந்தோர் மிஸ் வந்திருக்கிறார் என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"வாப்பா எந்த நாளும் ஒங்க எல்லாரையும் பத்திச் செல்லுவாரு. ஆரையும் குத்தம் செல்ல மாட்டாரு. அவங்க நல்ல மனுசரு, அவங்களுக்குக் கேக்கல்ல, அவ்வளவுதான்னு செல்லுவாரு" என்றார் மகன்.

பிளேன்டீ வந்தது. கோப்பை சூடாக இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வாப்பாவைப் பற்றி இன்னும் ஏதாவது ஒன்று, ஒரு சின்னச் செய்தி கிடைக்காதா என்று.

"ஆமா தம்பி, எங்களுக்குக் கேக்கல" என்றேன்.